யார் கையெழுத்துப் போட வேண்டும்? டர்பன் மாணவர்களுக்குப் பொதுச் சுகாதார வாதாட்டப் பயிற்சி நடத்தும் முறை

மாணவர்களைப் பொதுச் சுகாதாரத்துக்காகப் பேசப் பழக்குகிறோம் என்று தொடங்கும் பயிற்சிகள் பெரும்பாலும் அட்டையில் வாசகம் எழுதுவதோடும் தெருமுனையில் படம் எடுத்துக்கொள்வதோடும் முடிந்துவிடுகின்றன. அன்றைக்குப் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு விதியும் மாறியிருக்காது. அதிகாரிகளின் அலட்சியம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், ‘சுத்தமான காற்று வேண்டும்’ என்ற அட்டையைப் படிக்கும் அதிகாரிக்குத் தான் எந்தத் தாளில், எந்தத் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரியாததுதான். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது கேட்பவரின் வேலை. இந்தப் பயிற்சி முழுவதும் அந்த ஒரு வேலையைக் கற்றுக்கொடுப்பதற்கே.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மியர்பேங்க், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களையும், கோயில் இளைஞர் குழுக்களை நடத்துபவர்களையும், பல்கலைக்கழக மாணவர் சங்கத்தாரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். 16 முதல் 22 வயது வரை, 12 முதல் 18 பேர் கொண்ட குழு போதும். வாரம் ஒரு சனிக்கிழமை, இரண்டரை மணி நேரம், 12 வாரம். இருபது பேரைத் தாண்டினால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பவர்களாக மாறிவிடுவார்கள்.

எப்போது தொடங்குவது

பலர் கோட்டைவிடும் இடம் இது. மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. வரைவு பட்ஜெட்டும், ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் என்னும் மாநகராட்சியின் ஐந்தாண்டுத் திட்டத்தின் திருத்தமும் மார்ச் இறுதிக்குள் மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்லும் காலம் ஏப்ரல், மே. ஜூன் முடிவதற்குள் பட்ஜெட் நிறைவேறிவிடும். ஆகஸ்டில் பயிற்சி தொடங்கி அக்டோபரில் மனுக் கொடுத்தால், ‘இந்த ஆண்டு பணம் ஒதுக்கி முடிந்துவிட்டது’ என்ற பதில்தான் வரும். அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கும்.

ஆகவே பள்ளி திறந்த கையோடு, ஜனவரி கடைசியில் தொடங்குங்கள். பன்னிரண்டாவது வாரம் ஏப்ரல் நடுவில் வரும். அதுதான் கருத்துக் கேட்கும் காலம். இடையில் தைப்பூசக் காவடியும், புனித வெள்ளியை ஒட்டி இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் பெருகும் நாட்களும் வரும். அந்த வாரங்களில் வகுப்பு வைத்தால் நாற்காலிதான் இருக்கும். முதலிலேயே நாட்காட்டியில் அடித்துவிட்டு, இரண்டு சனிக்கிழமை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரிக் எனப்படும் பள்ளி இறுதியாண்டு மாணவர்களைச் சேர்ப்பதானால் ஏப்ரலோடு விடுவித்துவிடுவோம் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். முன்தேர்வுக் காலத்தில் ஊர்வேலைக்கு இழுத்தால் அடுத்த ஆண்டு எந்த அம்மாவும் பிள்ளையை அனுப்பமாட்டார்.

முதல் இரண்டு வாரம்: அதிகாரம் எங்கே இருக்கிறது

பொதுச் சுகாதாரம் என்றதும் மாணவர்கள் சுகாதார அமைச்சருக்குக் கடிதம் எழுதப் போவார்கள். பல விஷயங்களில் அவருக்கு அதிகாரமே கிடையாது. இதை உரையாக ஆற்றாமல் நான்கு உதாரணங்களைக் கொடுத்து, ‘யார் கையெழுத்து?’ என்று தேடிவரச் செய்யுங்கள்.

முதலாவது ரொட்டியில் உப்பு. 1972-ஆம் ஆண்டின் உணவுப் பொருள் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சர் 2013-இல் விதி பிறப்பித்தார். 100 கிராம் ரொட்டியில் சோடியம் 2016 ஜூன் முதல் 400 மில்லிகிராமையும், 2019 ஜூன் முதல் 380 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. இங்கே கையெழுத்து சுகாதார அமைச்சருடையது. நாடாளுமன்றம் புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது சர்க்கரை பானத்தின் மீதான நலவாழ்வு வரி. வரி என்பதால் மசோதாவைக் கொண்டுவரக்கூடியவர் நிதி அமைச்சர் மட்டுமே. 2016-இல் அறிவித்தபோது விலையில் சுமார் 20 விழுக்காடு என்ற பேச்சு இருந்தது. நிறுவனங்களின் எதிர்ப்புக்கும் வேலையிழப்பு வாதங்களுக்கும் பிறகு 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது அது சுமார் 11 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. 100 மில்லிலிட்டருக்கு 4 கிராம் வரை வரி இல்லை. அதற்கு மேல் கிராமுக்கு 2.1 சென்ட்; 2019 ஏப்ரல் முதல் 2.21 சென்ட். மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 100 மில்லிலிட்டரில் 10.6 கிராம் சர்க்கரை உள்ள 330 மில்லி டின்னில் வரிக்குரிய சர்க்கரை 21.78 கிராம், வரி 48 சென்ட். நீரிழிவு இல்லாத வீடு அரிதாகிவிட்ட நம் குடும்பங்களில், இந்த 48 சென்ட்டைப் பற்றி ஒரு மணி நேர விவாதம் தானாக நடக்கும். நடக்க விடுங்கள்.

மூன்றாவது பள்ளி டக்ஷாப்பில், அதாவது பள்ளிக்குள் இருக்கும் தின்பண்டக் கடையில், என்ன விற்கலாம் என்பது. இதற்கு அமைச்சரைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டப்படி அமைந்த பள்ளி ஆளுகைக் குழு ஒரு மாலைக் கூட்டத்தில் முடிவெடுத்துவிடலாம். உயர்நிலைப் பள்ளியில் அந்தக் குழுவிலேயே மாணவப் பிரதிநிதிகள் உண்டு. முதல்முறை பயிற்சி நடத்துபவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது. சிறிய வெற்றி ஒன்றை ருசித்த மாணவர்கள்தான் அடுத்த ஆண்டும் வருவார்கள்.

நான்காவது காற்று மாசு. அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடு செய்யாத சுற்றுச்சூழல் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. 2004-ஆம் ஆண்டின் 39-ஆம் எண் காற்றுத் தரச் சட்டப்படி ஆலைகளுக்குப் புகை உரிமம் தருவது மாநகராட்சியின் பொறுப்பு. காற்றுத் தர அளவைக் குறிப்பதோ தேசியச் சுற்றுச்சூழல் அமைச்சர். ஒரே புகைக்கு இரண்டு கையெழுத்து.

இந்த இரண்டு வாரம் முடிந்ததும் ஒவ்வொரு குழுவும் ஒரே வாக்கியம் எழுதித் தர வேண்டும்: யார், எதை, எந்தச் சட்டம் அல்லது விதியின் கீழ், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும். இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் திருப்பிக் கொடுங்கள். மூன்று முறை திருப்பிக் கொடுக்க நேரும். அதற்கான பொறுமை நடத்துபவருக்கு வேண்டும்.

ஓர் உதாரணத்தைத் தொடர்ந்து பார்ப்போம்

மியர்பேங்க் போன்ற ஓர் இடத்தில் ஒரு பள்ளியை ஒட்டிய சாலை வழியாகச் சரக்கு லாரிகள் காலையில் வரிசைகட்டி நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ‘லாரிகளை நிறுத்து’ என்பது கோரிக்கை ஆகாது. ‘இந்தச் சாலையின் இந்த 600 மீட்டரில், பள்ளி நாட்களில் காலை 7 முதல் 8 வரையும் பிற்பகல் 1.30 முதல் 2.30 வரையும் கனரக லாரிகளுக்குத் தடை விதிக்கும் அடையாளப் பலகைகளை, வரும் நிதியாண்டின் முதல் காலாண்டுக்குள் மாநகராட்சிப் போக்குவரத்துத் துறை நிறுவ வேண்டும்’ என்பது கோரிக்கை.

அதற்கும் முன்னால் அந்தச் சாலை யாருடையது என்று பார்க்க வேண்டும். என்2 போன்ற தேசிய நெடுஞ்சாலை என்றால் தேசியச் சாலை நிறுவனம். மாகாணச் சாலை என்றால் குவாசுலு-நட்டால் போக்குவரத்துத் துறை. மற்றவை எதெக்வினி மாநகராட்சி. இந்த ஒரு விஷயத்தைச் சரிபார்க்காமல் போய், ‘இது எங்கள் சாலை இல்லை’ என்ற ஒரே வரியில் இரண்டு மாத உழைப்பு வீணாவதுண்டு.

எண்ணுவது எப்படி

மூன்றாவது வாரம் முதல் ஆறாவது வாரம் வரை சான்று திரட்டும் காலம். லாரி எண்ணுவது எளிது என்று நினைப்பார்கள். எளிதுதான், ஆனால் முறை தப்பினால் ஒரு பொறியாளர் இரண்டு கேள்வியில் கிழித்துவிடுவார்.

எதை லாரி என்கிறோம் என்று முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகள் உள்ள வண்டி. ‘பெரிய வண்டி’ என்றால் ஆளுக்கொரு கணக்கு வரும். ஒரு முனையில் இருவர் தனித்தனித் தாளில், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் எண்ண வேண்டும். 15 நிமிடத் துண்டுகளாகப் பிரியுங்கள். இருவர் கணக்கும் பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் அந்தத் துண்டைத் தள்ளிவிட்டு மறுநாள் எண்ணுங்கள். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்களில், இரண்டு வாரம் எண்ணினால் போதும். திங்களும் வெள்ளியும் வழக்கத்துக்கு மாறாக இருக்கும். துறைமுகத்தில் வேலைநிறுத்தமோ பலத்த காற்றால் பாரந்தூக்கிகள் நின்றுபோவதோ நடந்த நாட்களைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

நகரும் லாரியும், எஞ்சினை அணைக்காமல் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கும் லாரியும் இரண்டு தனிப் பத்திகள். பிந்தையதுதான் உங்கள் வாதத்தின் உயிர். பள்ளி வாசலில் நிற்கும் டீசல் எஞ்சின் நுண்துகளைப் பிள்ளைகள் மூச்சுவிடும் உயரத்திலேயே கக்குகிறது. மாணவர்கள் பள்ளி வேலிக்கு உட்பக்கமாக, ஒளிரும் மேலங்கி போட்டு நிற்க வேண்டும். ஓட்டுநர்களோடு வாக்குவாதம் கூடாது, வண்டியின் பதிவு எண்ணோடு முகத்தைப் படம் எடுக்கவும் கூடாது. ஓட்டுநர் இங்கே எதிரி அல்ல. வரிசையில் நிற்கச் சொன்னவர் வேறொருவர்.

காற்று அளக்கும் சிறு கருவிகளைக் கடனாக வாங்கிவந்து மாட்டும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். மலிவான நுண்துகள் கருவிகள் ஒளிச்சிதறலை வைத்து அளப்பவை. ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும்போது நீர்த்திவலையையும் துகளாக எண்ணி அதிகமாகக் காட்டும். டர்பனில் பிப்ரவரி காலைகள் அப்படித்தான் இருக்கும். அனுமதி கிடைத்தால், அதிகாரபூர்வக் கண்காணிப்பு நிலையத்தின் அருகில் இரண்டு வாரம் வைத்து ஒப்பிட்ட பிறகு பயன்படுத்துங்கள். அப்போதும் ‘வாசலில் காலை 7.15-க்கு உள்ள அளவு, மைதானத்தின் பின்புறத்தில் உள்ளதைவிட எத்தனை மடங்கு’ என்று ஒப்பீடாக மட்டும் சொல்லுங்கள். ‘சட்ட வரம்பு மீறப்பட்டது’ என்று அந்தக் கருவியை வைத்துச் சொல்லக் கூடாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தெற்கு டர்பன், பிளஃப் மேட்டுக்கும் பெரியா மேட்டுக்கும் இடையே கிடக்கும் தாழ்நிலம். குளிர்கால இரவுகளில் குளிர்ந்த காற்று கீழே தங்கி, மேலே வெப்பக் காற்று மூடிபோல் படிந்து மாசைப் பிடித்துவைக்கிறது. மாசு கூடுவது ஜூன், ஜூலையில். பிப்ரவரியில் எடுத்த அளவை வைத்து ஆண்டு முழுவதற்கும் பேசினால், அது உண்மைக்குக் குறைவாகத்தான் இருக்கும். குறைவாக இருந்தாலும் அது பிப்ரவரி அளவு என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை.

சட்ட வரம்பைப் படிக்கக் கற்பித்தல்

தேசியக் காற்றுத் தர அளவுகள் 2009 டிசம்பரில் வெளியாயின. கந்தக டை ஆக்சைடுக்கு 10 நிமிடச் சராசரி 500 மைக்ரோகிராம், ஒரு மணி நேரச் சராசரி 350, 24 மணி நேரச் சராசரி 125, ஆண்டுச் சராசரி 50. எல்லாம் ஒரு கன மீட்டருக்கு. பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகளுக்கான அளவு 2012-இல் வந்தது; இப்போது அது 24 மணி நேரத்துக்கு 40, ஆண்டுக்கு 20. 2030 முதல் இவை 25, 15 ஆகக் குறையும். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவுகள் 15-உம் 5-உம். சட்டத்துக்கு உட்பட்ட காற்றும் உடலுக்கு நல்லது என்று அர்த்தம் இல்லை என்பதற்கு இந்த இடைவெளியே போதும்.

மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். நிலையங்களின் அறிக்கை சில நேரம் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அலகில் இருக்கும், சட்டம் மைக்ரோகிராமில் பேசும். கந்தக டை ஆக்சைடுக்கு 1 பிபிபி என்பது 2.62 மைக்ரோகிராம். மாற்றாமல் ஒப்பிட்டால் எல்லாம் நலமாக இருப்பதுபோல் தெரியும். இரண்டாவது, பத்து நிமிட உச்சத்தை ஆண்டுச் சராசரி வரம்போடு ஒப்பிடுவது. மூன்றாவதுதான் மாணவர்களை அதிர வைக்கும்: சட்டமே சில மீறல்களை அனுமதிக்கிறது. பத்து நிமிட வரம்பை ஆண்டுக்கு 526 முறையும், மணி வரம்பை 88 முறையும், நாள் வரம்பை 4 முறையும் தாண்டலாம். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஓர் ஆண்டில் 52,560 பத்து நிமிடங்கள், 8,760 மணிகள், 365 நாட்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விழுக்காடு. ஆக, ஒருநாள் அளவு எகிறியதைப் பிடித்துக்கொண்டு ‘சட்டமீறல்’ என்று கூவினால் அதிகாரி சிரித்துவிட்டுப் போவார். எத்தனையாவது முறை என்று கேட்டால்தான் நின்று பதில் சொல்வார்.

பழைய வாதத்தைப் புதுப்பித்தல்

மியர்பேங்கின் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் 2000-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் ஆஸ்துமா இருப்பதைக் காட்டியது. தாய்மார்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை எண்களாக்கிய ஆய்வு அது. அந்தக் காலகட்டத்தின் போராட்டங்களும் சான்றுகளும் சேர்ந்துதான் பகுதிக்கெனத் தனிக் காற்றுத் திட்டமும் கண்காணிப்பு நிலையங்களும் வந்தன, கந்தக டை ஆக்சைடும் குறைந்தது. மாணவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஆனால் அப்படியே எடுத்து இன்றைக்குப் பேசக் கூடாது. பகுதியின் இரண்டு பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 2020 டிசம்பர் வெடிவிபத்துக்குப் பிறகு சுத்திகரிப்பைத் தொடரவில்லை. மற்றொன்று 2022-இல் நின்றது. கூட்டத்தில் ஒருவர், ‘ஆலைதான் மூடிவிட்டதே, இன்னும் என்ன?’ என்று கேட்டால் பழைய துண்டறிக்கையை வைத்திருக்கும் மாணவருக்கு வாயடைத்துவிடும். எண்ணெய்க் கிடங்குகள், காகித ஆலை, துறைமுகம், லாரி என்று எஞ்சியிருப்பவற்றையும், முன்பு மூச்சில் ஏறியது உடம்பில் விட்டுப்போன விளைவுகளையும் பற்றி இன்றைய தரவோடு பேச வேண்டும். இருபது ஆண்டுக்கு முந்தைய எண்ணைச் சொல்லும்போதெல்லாம் ஆண்டையும் சேர்த்தே சொல்லப் பழக்குங்கள்.

தகவல் மனு

2000-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் தகவல் அணுகல் சட்டப்படி அரசு அமைப்பிடம் எந்த ஆவணத்தையும் கேட்கலாம். அமைப்புக்கு 30 நாள் அவகாசம், மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். அதனால் இரண்டாவது வாரமே மனுவை அனுப்பிவிட வேண்டும். ஆறாவது வாரத்தில் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகப் பயிற்சியையே நிறுத்திவைப்பவர்கள் உண்டு. 30 நாளில் பதிலே வராவிட்டால் மறுத்ததாகவே சட்டம் கருதும். மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு, அதற்குப் பிறகு தகவல் ஒழுங்காணையத்திடம் போகலாம்.

கேள்வி கேட்பதில்தான் திறமை. ‘காற்று மாசு பற்றிய எல்லா விவரங்களும்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ‘இன்ன நிலையத்தின் பிஎம் 2.5 மணிவாரி அளவுகள், இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை, விரிதாள் வடிவில். நிலையம் இயங்காத நாட்களின் பட்டியல்’ என்று கேளுங்கள். கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். கருவி பழுதாகிக் கிடந்த நாட்களின் பட்டியலே சில நேரம் ஒரு கோரிக்கையாகிவிடும்.

பிள்ளைகளின் நோய் பற்றி

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் கதை எண்ணைவிட ஆழமாகத் தைக்கும் என்பது உண்மை. அதனாலேயே கவனம் வேண்டும். உடல்நலத் தகவல், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி சிறப்புப் பாதுகாப்புக்கு உரியது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். பெயர், வகுப்பு, தெரு, இன்ஹேலரோடு முகம் தெரியும் படம் எதுவும் கூடாது. மூன்று விவரம் சேர்ந்தாலே தெருவில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். வீடுவீடாக நோய்க் கணக்கெடுக்க மாணவர்களை அனுப்ப வேண்டாம். அது ஆய்வு, அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அப்படி ஒன்று தேவைப்பட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்யுங்கள். மாணவர்கள் செய்யக்கூடியது நாற்றக் குறிப்பேடு: தேதி, நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து, என்ன வாடை, எவ்வளவு நேரம். அங்கே பெரும்பாலும் வடகிழக்கு அல்லது தென்மேற்குக் காற்று என்பதால், திசையை எழுதாத குறிப்பு பாதி பயனற்றது.

ஒரே பக்கம், இரண்டே நிமிடம்

ஏழு, எட்டாவது வாரங்கள் எழுத்துக்கு. கவுன்சிலரின் மேசைக்குப் போகும் தாள் ஒரு பக்கம்தான். மேலே கோரிக்கை வாக்கியம், அதன் கீழே மூன்று எண்கள், பிறகு செலவு, கடைசியில் தொடர்பு. மூன்றுக்கு மேல் எண் போட்டால் ஒன்றும் நினைவில் நிற்காது. செலவுப் பகுதியைத்தான் மாணவர்கள் எப்போதும் விட்டுவிடுவார்கள். எத்தனை பலகை, யார் பராமரிப்பார், லாரிகள் எந்த மாற்று வழியில் போகும் என்று எழுதாத மனு, கேட்பவரிடம் வேலையைத் தள்ளிவிடுகிறது. மாற்று வழி வென்ட்வொர்த்திலோ லாமண்ட்வில்லிலோ இன்னொரு பள்ளி வாசலைத் தொட்டால் அதைக் கேட்கவே கூடாது. நம் தெருப் புகையை அடுத்த தெருவுக்குத் தள்ளுவது சுகாதாரப் பணி அல்ல. அதனால் குழுவில் அந்தப் பகுதி மாணவர்களையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். மனு ஆங்கிலத்திலும் சுலுவிலும் இருக்கட்டும். கோயிலில் பெரியவர்களுக்கு விளக்கத் தமிழ் போதும்.

கோரிக்கையை மூன்று படியில் தயாராக வைத்திருக்க வேண்டும்: வேண்டியது, ஏற்றுக்கொள்ளக்கூடியது, இதற்குக் கீழே போகமாட்டோம் என்பது. சர்க்கரை வரி 20-இலிருந்து 11-ஆகச் சுருங்கிய கதை இங்கேதான் பயன்படும். கடைசிப் படியைக் கூட்டத்துக்கு முன்பே எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ளாவிட்டால், நல்ல வார்த்தை சொல்லும் அதிகாரி முன்னால் குழுவில் ஒருவர் மட்டும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

பேச்சு இரண்டு நிமிடம், ஆங்கிலத்தில் ஏறத்தாழ 250 சொற்கள். முதல் 20 விநாடிக்குள் கோரிக்கை வந்துவிட வேண்டும். ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கி ஐந்து பேரை வரவேற்பதற்குள் மணி அடித்துவிடும்.

ஒத்திகை

ஒன்பதாவது, பத்தாவது வாரங்கள் இதற்கு மட்டுமே. மூவர் எதிரே உட்காருங்கள்: கவுன்சிலர், போக்குவரத்துப் பொறியாளர், சரக்கு நிறுவனத்தின் பேச்சாளர். ஒவ்வொருவரிடமும் கேள்விச் சீட்டு. ‘இது எங்கள் துறை இல்லை.’ ‘பட்ஜெட் இல்லை.’ ‘லாரி நின்றால் வேலை போகும், உங்கள் மாமாவே அங்கேதான் வேலை பார்க்கிறார், தெரியுமா தம்பி?’ கடைசிக் கேள்விதான் மியர்பேங்கில் உண்மையாகவே வரும். ‘வேலை முக்கியம்தான் அண்ணா. நாங்கள் கேட்பது நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும்’ என்று தணிந்த குரலில் சொல்லப் பழகும் வரை விடாதீர்கள். பதில் தெரியாதபோது, ‘தெரியவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்புகிறோம்’ என்று சொல்வதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். அடித்துவிடும் ஒரு தவறான எண் மற்ற மூன்று சரியான எண்களையும் கொன்றுவிடும்.

இந்த வாரத்தில் சிகிச்சைச் செயல் இயக்கத்தின் வரலாற்றைச் சொல்லுங்கள். 1998 டிசம்பர் 10 அன்று கேப்டவுனில் தொடங்கிய அந்த இயக்கம், எச்ஐவி உள்ள சாதாரண மக்களுக்கு மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் கற்றுக்கொடுத்தது. டவுன்ஷிப் எனப்படும் கறுப்பினக் குடியிருப்புகளின் பெண்கள் மருத்துவர்களோடு நெவிரபின் மருந்து பற்றிச் சமமாக வாதிட்டார்கள். கடிதம், பேச்சுவார்த்தை, பேரணி எல்லாம் பார்த்த பிறகே வழக்கு. 2002 ஜூலை 5 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் அந்த மருந்தைச் சில முன்னோடி மையங்களோடு நிறுத்திவைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்றது. வீதியில் நின்றவர்களுக்கு அறிவியலும் தெரிந்திருந்தது என்பதை மாணவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மனுவும் பேரணியும்

கருத்துக் கேட்பு என்பது தயவு அல்ல. 2006-இல் அரசியலமைப்பு நீதிமன்றம், மக்களைப் போதிய அளவு கலந்துகொள்ளச் செய்யவில்லை என்பதற்காகவே இரண்டு சுகாதாரச் சட்டங்களைச் செல்லாது என்றது. எனவே கருத்துக் கேட்பில் பேசியதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோ மின்னஞ்சல் ஒப்புகையோ வாங்கிவிடுங்கள். ஒப்புகை இல்லாத மனு கொடுக்கப்படாத மனுதான்.

கோயில்களில் கையெழுத்துத் திரட்டலாம். கூட்டம் பெருகும் திருவிழா நாட்களில் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கானோர் கிடைப்பார்கள். அறங்காவலர்களிடம் முன்பே கேட்டு, பூசை முடிந்த பிறகு, வாசலுக்கு வெளியே மேசை போடுங்கள். எந்தக் கட்சியின் சின்னமும் அந்த மேசையில் இருக்கக் கூடாது. நீங்கள் கேள்வி கேட்கும் நிறுவனத்திடம் டி-ஷர்ட்டுக்கோ சாப்பாட்டுக்கோ பணம் வாங்கவும் கூடாது.

பேரணி வேண்டுமென்றால் 1993-ஆம் ஆண்டின் கூட்டங்கள் சட்டத்தைப் படியுங்கள். பொது இடத்தில் 15 பேருக்கு மேல் கூடுவதானால் ஏழு நாள் முன்னதாக மாநகராட்சிக்கு அறிவிப்புத் தர வேண்டும். 15 பேர் வரை பலகை பிடித்து நிற்க அறிவிப்பு தேவையில்லை. அறிவிக்காததைக் குற்றமாக்கிய பிரிவை 2018-இல் நீதிமன்றம் நீக்கிவிட்டது என்றாலும், அறிவித்துவிடுவதே மாணவர்களுக்குப் பாதுகாப்பு.

பதிலுக்குப் பிறகு

சந்திப்பு முடிந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு கடிதம் போக வேண்டும்: யார் எதைச் செய்வதாகச் சொன்னார், எந்தத் தேதிக்குள். திருத்தம் இருந்தால் ஏழு நாளில் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பதினான்காவது நாள் தொலைபேசி அழைப்பு. பலகை வந்துவிட்டால் அதே முனையில், அதே நேரத்தில், அதே முறையில் மறுபடி எண்ணுங்கள். பலகை இருந்தும் லாரி நின்றால் அடுத்த கையெழுத்து மாநகரக் காவல்துறையினுடையது.

பன்னிரண்டாவது வாரம் கோப்பு ஒப்படைப்பு. எண்ணிய மூலத்தாள்கள், தகவல் மனுவின் நகல், ஒப்புகைகள், யாரிடம் எப்போது பேசினோம் என்ற பட்டியல், நிறைவேறாமல் நிற்கும் வாக்குறுதிகள் என ஐந்தையும் ஒரே உறையில் போட்டு, ஒரு பிரதியைத் தமிழ்ப் பள்ளி அலமாரியிலும் இன்னொன்றை மின்வடிவிலும் வையுங்கள். மாணவர்கள் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள், கவுன்சிலரும் மாறுவார். அடுத்த ஜனவரியில் வரும் குழு முதல் சனிக்கிழமை அந்த உறையைப் பிரித்து, நிறைவேறாத வாக்குறுதிகளின் பட்டியலிலிருந்து தொடங்கட்டும்.